ஒரே அபராதம், ஒரே நியாயமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனுக்குத் தண்டனை வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்துக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால், இந்தச் சட்டத்தைப் பற்றி நாம் வாய் திறந்தால் போதும், "பார்த்தீர்களா, கம்யூனிஸ்டுகள் குடிகாரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்!" என்று கூச்சல் போடக் காத்திருக்கும் கனவான்கள் புதுச்சேரியில் உண்டு. அவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க நாம் தயாரில்லை.

போதையில் ஓடும் வண்டி யாரைக் கொல்கிறது? கண்ணாடி ஏற்றிய காருக்குள் குளுகுளுவென்று உட்கார்ந்திருப்பவரையா? பெரும்பாலும் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியைக் கொல்கிறது. விடியுமுன் நடவு வேலைக்குச் சாலையோரமாக வரிசையாக நடந்து போகும் பெண்களைக் கொல்கிறது. குடியிருக்க இடமின்றி நடைபாதையில் படுத்துறங்கும் கட்டிடத் தொழிலாளியைக் கொல்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில், எல்லாக் காரணங்களும் சேர்ந்து, மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்கே சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்; 19 பேர் நடந்து சென்றவர்கள். சாலையில் சிந்துகிற ரத்தத்தில் பெரும் பங்கு நம்முடைய ரத்தம்தான். ஆகவே, குடித்து ஓட்டுகிறவனைத் தண்டியுங்கள் என்று மற்ற எல்லோரையும்விட உரக்கக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆனால், தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல இன்றையக் கேள்வி. இப்போது இருக்கிற சட்டம் யாரை நசுக்குகிறது, யாரைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிறது என்பதே கேள்வி.

"வரை" என்கிற ஒரு சொல்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 185-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவனின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பழைய சட்டம் சொல்லியது. 2019-ல் பார்லிமெண்டில் இதைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது. சிறைத் தண்டனை பழையபடியே 6 மாதம் வரை. ஆனால் அபராதம் 10,000 ரூபாய். மறுபடியும் பிடிபட்டால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"ஐந்து மடங்கு உயர்த்திவிட்டோம், இனி எவன் குடித்து ஓட்டுவான்?" என்று மார்தட்டினார்கள்.

தோழர்களே, சட்டத்தின் வாசகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பழைய சட்டத்தில் "2,000 ரூபாய் வரை" என்று இருந்தது. "வரை" என்கிற அந்த ஒரு சொல் இருந்தபடியால், எதிரே நிற்பவன் கூலிக்காரனா, தனவானா என்று மாஜிஸ்திரேட் முகம் பார்த்து, 500 என்றும் போடலாம், 2,000 என்றும் போடலாம். புதிய சட்டத்தில் அந்தச் சொல்லை வெட்டி எறிந்துவிட்டார்கள். அபராதம் என்று விதித்தால் 10,000. அதற்குக் கீழே ஒரு பைசா கிடையாது.

சரி, எல்லோருக்கும் அப்படித்தானா? அதே 2019 திருத்தத்தில் 198-ஏ என்று இன்னொரு பிரிவு புதிதாகச் சேர்த்தார்கள். சாலையை ஒழுங்கான தரத்தில் போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் சாவு நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் அபராதம். எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய் "வரை"! கோடிக்கணக்கில் காண்டிராக்ட் எடுத்தவருக்கு "வரை" என்கிற சலுகை உண்டு. நாள் கூலிக்காரனுக்கு அது கிடையாது. ஒரே திருத்தச் சட்டத்தில் இரண்டு நாக்கு!

பத்தாயிரம் யாருக்கு எவ்வளவு?

பத்தாயிரம் ரூபாய் எல்லோருக்கும் பத்தாயிரம் ரூபாய்தான், இதில் என்ன பாரபட்சம் என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் என்பது அந்தக் கூலியில் 30 நாள் உழைப்பு. நூறு நாளும் வேலை கிடைத்தால் கையில் வருவது 33,600 ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒரே நாளில் கோர்ட்டில் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால்? அபராதத்துக்குப் பதில் சிறை. அவன் குற்றத்துக்காகப் பாதி, ஏழ்மைக்காகப் பாதி என்று தண்டனை அனுபவிக்கிறான். அவன் மட்டுமா அனுபவிக்கிறான்? கந்துவட்டிக்காரனிடம் ஓடுகிறவள் அவன் மனைவி. பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறவன் அவன் பிள்ளை.

வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பெரிய காரில் புதுச்சேரிக்கு வந்து, நட்சத்திர ஹோட்டலில் இறங்கி, நள்ளிரவு வரை குடித்து, அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு திரும்பும் கம்பெனி டைரக்டரை எடுத்துக் கொள்ளுங்கள். அவருக்குப் பத்தாயிரம் என்பது என்ன? அன்று இரவு மேஜைமேல் வைத்த பில் தொகை! தண்டனை அல்ல அது. காரை ஓட்டிப் போவதற்குக் கட்டிய கூடுதல் கட்டணம். யானைக்கும் எறும்புக்கும் ஒரே மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, "பாருங்கள், நாங்கள் எல்லோரையும் சமமாக நடத்துகிறோம்" என்கிறார்கள்.

இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது என்று நினைக்காதீர்கள். 210-ஏ என்கிற பிரிவின்படி, எந்த மாநில சர்க்காரும் இந்த அபராதங்களை ஒன்று முதல் பத்து மடங்கு வரை பெருக்கிக் கொள்ளலாம். மாநிலத்தைப் பார்த்துப் பெருக்கலாம். மனிதனின் வருமானத்தைப் பார்த்துப் பெருக்கக் கூடாது! ஒன்றுக்குக் கீழே இறக்கவும் கூடாது! அதாவது ஏழைக்குப் பத்தாயிரத்தை ஒரு லட்சமாக்கலாம், ஐயாயிரமாக்க வழியில்லை.

இது நடக்காத காரியமா?

"வருமானத்தைப் பார்த்து அபராதமா? இது என்ன ஆகாசக் கோட்டை!" என்று வக்கீல் கனவான்கள் சிரிக்கலாம். பின்லாந்து என்று வடக்கே ஒரு நாடு இருக்கிறது. அங்கே 1921-ஆம் ஆண்டு முதலே நாள்-அபராதம் என்கிற முறை அமலில் இருக்கிறது. குற்றத்தின் கடுமைக்கேற்ப இத்தனை நாள் என்று கோர்ட்டு தீர்மானிக்கும். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது குற்றவாளியின் வருமானத்தைப் பொறுத்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கும் அங்கே இந்த முறையில்தான் அபராதம். நோக்கியா கம்பெனியின் டைரக்டர் ஒருவர் ஹெல்சிங்கி நகரத்தில் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனதற்காக 2002-ல் அவருக்குப் போட்ட அபராதம் 1,16,000 யூரோ. தம்முடைய வருமானம் குறைந்துவிட்டதாக அவர் அப்பீல் செய்ய, தொகையைக் குறைத்தார்கள். அதுதான் நியாயம்! வருமானம் உயர்ந்தால் அபராதம் உயர வேண்டும்; தாழ்ந்தால் தாழ வேண்டும். ஸ்வீடன் நாட்டிலும் இதே முறை உண்டு. இவை புரட்சி நடந்த நாடுகள் அல்ல, முதலாளித்துவ நாடுகள்தான். அங்கேயே முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது?

15 நாள் வருமானம் அபராதம் என்று வையுங்கள். 336 ரூபாய் கூலிக்காரன் 5,040 ரூபாய் கட்டட்டும். அது அவனுக்கு வலிக்கும், வலிக்கட்டும். மாதம் 5 லட்சம் வாங்குகிறவர் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டட்டும். அவருக்கும் அப்போதுதான் வலிக்கும். நாம் கேட்பது சலுகை அல்ல. ஒரே வலியைக் கேட்கிறோம்.

கொன்ற பிறகு என்ன நடக்கிறது?

அபராதத்தோடு விஷயம் முடியவில்லை. போதையில் ஓட்டி உயிரையே பறித்த வழக்குகள் எப்படி முடிந்தன என்பதையும் பாருங்கள்.

1999 ஜனவரி 10. டில்லியில் லோதி சாலை. கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதியின் பேரன் ஓட்டிய பி.எம்.டபிள்யூ கார் 6 பேரைக் கொன்றது. அவர்களில் 3 பேர் போலீஸ்காரர்கள். வழக்கு முடிய 13 வருஷம் ஆயிற்று. சாட்சியைக் கலைக்க முயன்ற விவகாரத்தில் பிரதிவாதியின் வக்கீலே கோர்ட்டு அவமதிப்புக் குற்றவாளி என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2012 ஆகஸ்டில் இறுதித் தீர்ப்பு: குற்றம் கடுமையானதே, ஆனால் ஏற்கெனவே இருந்த 2 வருஷச் சிறை போதும், 50 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், 2 வருஷம் சமூக சேவை செய்ய வேண்டும்.

2006 நவம்பர் 12. பம்பாயில் பாந்த்ரா, கார்ட்டர் சாலை. நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது விடியற்காலையில் ஒரு கார் ஏறியது. 7 பேர் செத்தார்கள். 8 பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவன் குடித்திருந்தான். கீழ்க்கோர்ட்டு கொடுத்த தண்டனை 6 மாதம். ஹைக்கோர்ட்டு அதை 3 வருஷமாக்கியது. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லியது தெரியுமா? இந்தத் தண்டனை மிகக் குறைவு, ஆனால் கூட்டிக் கொடுக்கும்படி சர்க்கார் அப்பீல் செய்யவில்லையே என்றது! செத்தவர்கள் 7 தொழிலாளர்கள். அவர்களுக்காக ஒரு அப்பீல் மனுப் போட மகாராஷ்டிர சர்க்காருக்குக் கை வரவில்லை.

2024 மே 19. புனா நகரம். 17 வயதுப் பணக்காரப் பையன் ஓட்டியதாக வழக்கிலுள்ள போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு இளம் என்ஜினீயர்கள் மாண்டார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன். நிபந்தனை? சாலை விபத்துக்களைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும்! நாடே கொதித்தெழுந்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது. பையனின் ரத்த மாதிரியை மாற்றி வைத்தார்கள் என்கிற குற்றச்சாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர்கள் கைதானார்கள்.

கூலிக்காரனின் ரத்தத்தை மாற்றி வைக்க எந்த டாக்டர் வருவான்? அவனுக்குக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுக்கிற கோர்ட்டு எங்கே இருக்கிறது? சட்டப் புத்தகத்தில் தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் பணக்காரன் அடங்கிவிட மாட்டான் என்பதற்கு இந்த மூன்று வழக்குகளே சாட்சி.

பிள்ளையைக் கிள்ளுகிறவர் யார்?

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் இங்கே சாராயம் ஆறாக ஓடியது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஜனங்கள் குடிப்பதற்கென்றே எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி நம் கைக்கு மாறியது. பிரெஞ்சுக்காரன் போனான், போலீஸ்காரன் தலையில் சிவப்புத் தொப்பியை விட்டுப் போனான், சாராயக் கடை ஏலத்தையும் விட்டுப் போனான். இரண்டையும் நம் ஆட்சியாளர்கள் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறார்கள். வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்தில் சர்க்காருக்கே சொந்தமான சாராய வடிசாலை இருக்கிறது. போதாக்குறைக்கு, இந்தச் சில ஆண்டுகளில் குடியிருப்புத் தெருக்களிலெல்லாம் ரெஸ்டோ பார்களுக்கு லைசென்ஸ் கொடுத்து, ஜனங்கள் தெருவில் இறங்கிப் போராடும்படி செய்தார்கள்.

காய்ச்சுகிறவர் சர்க்கார். ஏலம் விடுகிறவர் சர்க்கார். லைசென்ஸ் கொடுக்கிறவர் சர்க்கார். கலால் வரி வாங்குகிறவர் சர்க்கார். குடித்துவிட்டு வெளியே வந்தவனைச் சாலை முனையில் நிறுத்தி, குழாயை வாயில் வைத்து "ஊது" என்கிறவரும் அதே சர்க்கார்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்.

2016 டிசம்பர் 15-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லியது. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கிலிருந்து எழுந்த தீர்ப்பு அது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. என்ன ஆயிற்று? 2017 மார்ச் 31-ல், 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களில் 220 மீட்டர் போதும் என்று சுருங்கியது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று ஆகிவிட்டது. இடையில் பல சர்க்கார்கள் நெடுஞ்சாலைக்கு ஊர்ச்சாலை என்று பெயர் மாற்றிக் கடையைக் காப்பாற்றிக் கொண்டன. கடையைச் சாலையிலிருந்து நகர்த்துவதற்குப் பதில் சாலையைக் கடையிலிருந்து நகர்த்தினார்கள்!

185-வது பிரிவில் விற்றவனைப் பற்றி ஒரு சொல் உண்டா? கிடையாது. முதலாளித்துவ அமெரிக்காவில்கூட, நிதானமிழந்தவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து, அவன் வண்டியோட்டி யாரையாவது கொன்றால், பாதிக்கப்பட்டவர்கள் கடைக்காரன்மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. இங்கே கார் நிறுத்த இடம் கட்டி, விளக்குப் போட்டு, குடிக்க வருகிறவர்களை வரவேற்கும் பார் முதலாளிக்கு ஒரு பொறுப்பும் இல்லை.

தூக்கமும் ஒரு போதை

இன்னொரு விஷயம். நிதானமிழந்து ஓட்டுவதற்குக் குடி மட்டுமா காரணம்? பதினாறு மணி நேரம் லாரி ஓட்டுகிறவனின் கண் தானாகச் சொக்குகிறது. 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லியது. எந்த லாரி முதலாளி மதித்தான்? உடல் தகுதியில்லாத நிலையில் ஓட்டினால் 186-வது பிரிவின்படி அபராதம் உண்டு. யாருக்கு? அதுவும் டிரைவருக்கே! தூங்கவிடாமல் ஓட்டச் சொன்ன முதலாளி வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறான்.

2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி டிரைவர்கள் வேலை நிறுத்தம் செய்தது நினைவிருக்கும். மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் 10 வருஷம் வரை சிறை என்று புதிய குற்றச் சட்டத்தில் எழுதியதை எதிர்த்து நின்றார்கள். சர்க்கார் இறங்கி வந்தது. 2024 ஜூலை 1-ல் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த ஒரு பகுதியை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஒற்றுமையாக நின்றால் சட்டத்தின் வரியும் நகரும் என்பது அன்று தெரிந்தது.

8 மணி நேர வேலை என்றால் புதுச்சேரிக்குப் புதிய பேச்சல்ல. 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளர் 12 பேர் குண்டடிபட்டு மாண்டார்கள். அந்தத் தியாகத்தின்மேல், தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த போராட்டத்தால், 1937-ல் 8 மணி நேர வேலையை இந்த மண் பெற்றது. மில்களை 2020-ல் மூடிவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று ஆட்டோவும் வேனும் லாரியும் ஓட்டுகிறார்கள்! தகப்பன் ரத்தம் கொடுத்து வாங்கிய 8 மணி நேரம் மகனுக்கு இல்லை.

நம் வீட்டுக் கதவையும் தட்டுவோம்

மேலே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆமாம் தோழரே, ஏழை உடம்பு அசதிக்குக் குடிக்கிறான், அவனைப் பிடித்து அபராதம் போடுவதே அக்கிரமம், சட்டத்தையே எடுத்துவிட வேண்டும்" என்று நம்மவர் சிலரே பேசுகிறார்கள். இந்தப் பேச்சை நாம் அடியோடு மறுக்கிறோம்.

அசதி உண்மை. சுரண்டல் உண்மை. ஆனால் போதையில் ஒரு தொழிலாளி ஓட்டும் வண்டி, எதிரே வருபவன் முதலாளியா தொழிலாளியா என்று கேட்டு மோதுவதில்லை. கன்னியகோயில் சாலையிலும் மதகடிப்பட்டுச் சாலையிலும் அந்த நேரத்தில் நடந்து வருகிறவர் நம் அக்காளும் தம்பியும்தான். சுரண்டலின் பெயரைச் சொல்லி இன்னொரு தொழிலாளியின் உயிரைப் பணயம் வைக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

"ஒரு கட்டிங் தானே, என்ன ஆகிவிடும்?" என்கிறார்கள். கணக்கைக் கேளுங்கள். பாட்டில்மேல் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும் பிராந்தியில் ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லி, குடித்தால் உள்ளே போகும் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம் வரை ஏறும். சட்டத்தின் வரம்பைப் போல் ஐந்து மடங்கு! ஒரு கட்டிங் என்றாலும் 75 வரை. வரம்பைப் போல் இரண்டரை மடங்கு. உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரைக்கும். மோரும் எலுமிச்சம்பழமும் குளியலும் இந்த வேகத்தைக் கூட்டாது. இரவு 10 மணிக்கு ஒரு குவாட்டர் முடித்தவன், காலை 6 மணி ஷிப்டுக்கு வண்டியை எடுக்கும்போதுகூட வரம்பை ஒட்டியே நிற்கிறான். "ராத்திரி குடித்ததுதானே" என்ற சமாதானம் குழாயிடம் செல்லாது. எதிரே வருகிற சைக்கிள்காரனின் உயிருக்கும் உதவாது.

ஆகவே, நம் சங்கங்களில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். குடித்தவன் வண்டியைத் தொட்டால், பக்கத்தில் இருக்கிற தோழன் சாவியைப் பிடுங்க வேண்டும். கோபித்துக் கொண்டால் கோபிக்கட்டும். காலையில் நன்றி சொல்லுவான். குடித்து ஓட்டியவனின் அபராதத்தைக் கட்டச் சொல்லிச் சங்க நிதியைக் கேட்டு எவரும் வர வேண்டாம். அவன் சிறைக்குப் போனால் அவன் பிள்ளைகளுக்கு அரிசி கொடுப்போம். அவன் குற்றத்துக்குப் பணம் கொடுக்க மாட்டோம்.

பிடிபட்டால் உரிமை என்ன?

குற்றம் செய்தவனுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. செய்யாதவனுக்கு அது இன்னும் அவசியம். மூன்றை மனத்தில் வையுங்கள். ஒன்று: சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரியோ, அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அதிகாரியோதான் ஊதச் சொல்ல முடியும். இரண்டு: இந்தக் குற்றத்துக்காக வாரண்டு இல்லாமல் கைது செய்தால், 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற டாக்டரிடம் பரிசோதனை நடக்க வேண்டும், தவறினால் காவலிலிருந்து விட வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. மூன்று: 185-வது பிரிவின் வழக்கு கோர்ட்டில்தான் முடியும், சாலையிலேயே பணம் கட்டி முடித்துக் கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. ஆகவே, "ஆயிரம் கொடு, போய்விடு" என்று இருட்டில் கை நீட்டினால் அது அபராதம் அல்ல, லஞ்சம். கொடுக்காதீர்கள். சங்கத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

நாம் கேட்பது

ஒன்று: 185-வது பிரிவின் அபராதத்தை வருமானத்தின்படி நிர்ணயிக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, வெட்டி எறிந்த "வரை" என்ற சொல்லையாவது மாஜிஸ்திரேட்டுகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு: குடித்து ஓட்டியவனின் லைசென்ஸை 3 மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-ல் சொல்லியது. அது ஆட்டோக்காரனுக்கும் கார்க்காரனுக்கும் ஒன்றாக நடக்க வேண்டும். ஆட்டோக்காரனுக்கு லைசென்ஸ் போனால் சோறு போகிறது. பணக்காரர் மறுநாளே டிரைவர் வைத்துக் கொள்கிறார். ஆகவே, அவரது காரையும் அத்தனை நாள் நிறுத்தி வைக்க வேண்டும்.

மூன்று: சோதனைக் குழாய் சாராயக் கடை முனைக்கும் எல்லைச் சாலைக்கும் மட்டும் வந்தால் போதாது. நட்சத்திர ஹோட்டல் வாசலுக்கும் ரெஸ்டோ பார் வாசலுக்கும் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை இரவுகளில் தவறாமல் வர வேண்டும்.

நான்கு: நிதானமிழந்தவனுக்கு ஊற்றிக் கொடுத்து வண்டியில் ஏற்றி அனுப்பும் பார் முதலாளியின் லைசென்ஸை ரத்துச் செய்யவும், அவனிடம் நஷ்டஈடு வசூலிக்கவும் சட்டம் வேண்டும். டிரைவரை 8 மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்லும் முதலாளிமீதும் வழக்கு வேண்டும்.

ஐந்து: சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை தொழிற்பேட்டைகளுக்கு இரவு ஷிப்டு முடியும் நேரத்தில் சர்க்கார் பஸ் விட வேண்டும். பஸ் இருந்தால் பாதிப் பேர் வண்டியையே எடுக்க மாட்டார்கள்.

ஆறு: கலால் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, போதை வண்டியால் செத்தவரின் குடும்பத்துக்கு உடனடி உதவியும், குடியை விட விரும்புகிறவனுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சையும் கொடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாசத்தில் இருக்கிற நட்சத்திரம் அல்ல. சர்க்கார் நினைத்தால் பஸ்ஸை அடுத்த வாரமே விடலாம். சோதனைக் குழாயை ஹோட்டல் வாசலுக்கு இன்றிரவே அனுப்பலாம். சட்டத் திருத்தத்துக்குப் பார்லிமெண்டு வேண்டும். அதற்குப் புதுச்சேரி சட்டசபை ஒரு தீர்மானம் போட்டு அனுப்பலாம். செய்வார்களா? தானாகச் செய்ய மாட்டார்கள். கேட்டால், கூடிக் கேட்டால், விடாமல் கேட்டால் செய்வார்கள்.

ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு சங்கத்திலும், ஒவ்வொரு கிராமத்திலும் இந்த ஆறு கோரிக்கைகளைப் படித்துக் காட்டுங்கள். பெண்களை முன்னால் நிறுத்துங்கள். குடியின் கொடுமையும் சாலைச் சாவின் கொடுமையும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? கையெழுத்து வாங்குங்கள், எம்.எல்.ஏ.யின் வீட்டு வாசலுக்கு ஊர்வலமாகப் போங்கள். சாலை எல்லோருக்கும் சொந்தம். அதில் ஏழையும் உயிரோடு நடக்க வேண்டும். பணக்காரனும் சட்டத்துக்குப் பயப்பட வேண்டும்.